மயிலுக்கு ஒரு சாண் தள்ளி

என் கணவர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்று இன்னொன்றின் மேல் மோதாமல் பார்த்துக்கொள்வதற்காகவே வாழ்நாள் முழுக்கச் சம்பளம் வாங்கிய மனிதர். அவர் ஒருநாள் காலையில் காபியை ஆற்றிக்கொண்டே, "துப்பாக்கி ஒன்னு செய்யச் சொல்லலாம்னு இருக்கேன்" என்றார். தண்ணீர்த் தொட்டி கட்ட கொத்தனாரிடம் சொல்லப் போகிறவர் மாதிரி இருந்தது குரல்.

காரணம் மயில்கள். எங்களுக்கு வீடு விழுப்புரத்தில். வளவனூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அவர் வேலையில் இருந்தவரை அதை யாரோ பயிர் செய்தார்கள். ஓய்வு பெற்றதும் தானே மல்லாட்டை போடுகிறேன் என்று இறங்கினார், வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். விதைத்த மறுநாளே மயில்கள் வந்துவிட்டன. சால் பிடித்து நடந்து, விதைத்த ஆட்களைவிட ஒழுங்காக, ஒரு பருப்பு விடாமல் கிளறித் தின்றன. பட்டாசு வெடித்துப் பார்த்தார். பறந்துபோய்த் தென்னைமரத்தில் உட்கார்ந்து, புகை அடங்கியதும் இறங்கி வந்தன. தன் பழைய ரயில்வே சட்டையை மாட்டி ஒரு சோளக்கொல்லைப் பொம்மை நட்டார். அதன் தோளில் ஒரு மயில் நின்று அகவியதைப் பார்த்த அன்றுதான் அவர் மனம் துப்பாக்கியின் பக்கம் திரும்பியது என்று நினைக்கிறேன்.

"மயில சுட்டா ஜெயிலுங்க" என்றேன். நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வேலை போவதற்கு என்னென்ன காரணங்கள் உண்டு என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

"யாரு மயில சுடறாங்க? அதுக்கு ஒரு சாண் தள்ளி சுடுவேன். காலடியில மண்ணு பறக்கும். பயந்துக்கினு ஓடிடும். ஆனா அந்த ஒரு சாண் எப்பவும் ஒரு சாணாவே இருக்கணும். அரை சாண் ஆச்சுன்னா பேஜாரு. அதுக்குத்தான் நல்ல துப்பாக்கி வேணும்ங்கிறேன்."

ஆக, மற்றவர்கள் குறி தவறக் கூடாது என்று துப்பாக்கி வாங்குவார்கள். இவர் சரியாகத் தவற வேண்டும் என்பதற்காக ஒன்றைச் செய்யச் சொன்னார்.

திண்டிவனத்தில் காற்றுத் துப்பாக்கிகளைப் பழுது பார்த்து, ஆர்டரின்பேரில் செய்தும் கொடுக்கிற ஒருவர் இருந்தார். வெடிமருந்து கிடையாது, அடைத்த காற்றின் வேகத்தில் சின்ன ஈய ரவை பாயும். அந்த அளவுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ்ஸில் போனோம். அந்தக் கடைக்காரர் என் கணவரின் கை நீளம், கழுத்து உயரம், கன்னம் துப்பாக்கிக் கட்டையில் எங்கே படியும் என்றெல்லாம் டேப் வைத்து அளந்தார். எங்கள் கல்யாணச் சட்டைக்குக்கூட இவர் இவ்வளவு அளவு கொடுத்திருக்க மாட்டார். குழல் நீளமாக இருக்க வேண்டும், மேலே தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் ஸ்கோப் வேண்டும், கட்டை வாகை மரத்தில் வேண்டும் என்று இவர் அடுக்கினார்.

"இன்னா சார் சுடப் போறீங்க?"

"மயிலு."

கடைக்காரர் டேப்பைக் கீழே போட்டுவிட்டார். தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சார், அந்த வார்த்தைய என் கடையில சொல்லாதீங்க. பேப்பர் சுடறேன்னு சொல்லுங்க" என்றார்.

"சரிப்பா, பேப்பரு."

துப்பாக்கி கைக்கு வர மழைக்காலம் ஆகிவிட்டது. அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் அது வந்ததோடு வேலை முடியவில்லை, அன்றுதான் ஆரம்பித்தது. எந்த ரவையை எவ்வளவு காற்றில் சுட்டால் ஒன்றுபோல் போகும் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். ஒரே டப்பாவில் வந்த ரவைகள்கூட ஒன்றுபோல் ஒன்று இருக்காதாம். அதனால் அவற்றைப் பாத்திரம் விளக்கும் சோப்பில் கழுவி, முறுக்குத் தட்டில் காயவைத்து, நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றை வாங்கி ஒவ்வொன்றாக நிறுத்தார். எடை வாரியாகப் பிரித்துவைக்க என் இட்லித்தட்டுகள் போயின. குழிக்கு ஓர் எடை. வீட்டில் இட்லி நின்று தோசை மட்டும் ஆனது.

அதுவரை எங்கள் வீட்டில் ரவை என்றால் உப்புமாதான். ஒரு விடுமுறைக்கு மகளும் மாப்பிள்ளையும் கண்டமங்கலத்தில் இருந்து வந்திருந்தார்கள். "மாப்பிள்ளைக்கு ரவையக் காட்டு, கழுவி வச்சது" என்று கூடத்தில் இருந்து இவர் குரல் கொடுக்க, "அத்த, எனக்கு உப்புமா வேணாம்ங்க" என்று மாப்பிள்ளை அவசரமாக எழுந்து வந்தார். உப்புமாவே தேவலை என்று பிறகு நினைத்திருப்பார். துப்பாக்கியில் காற்றை ஏற்ற, சைக்கிள் பம்பின் பெரியப்பா மாதிரி ஒரு பம்ப் இருந்தது. அன்று பகல் முழுக்க நிலத்தில் மாப்பிள்ளை அதை அடித்தார். மாமனார் படுத்துக்கொண்டு சுட்டார். விருந்துக்கு வந்தவர் கையைத் தூக்க முடியாமல் திரும்பிப் போனார். மகள் ஒரு வாரம் எங்களுக்குப் போன் பண்ணவில்லை.

குறி அட்டைக்கு மகளின் கல்யாணப் பத்திரிகைகள் உதவின. நிறைய மிஞ்சிப்போயிருந்தன, நல்ல தடித்த அட்டை. மோட்டார் கொட்டகை வாசலில் கோணிப்பை விரித்து இவர் படுப்பார். கிழக்கு வரப்பில் மண்ணைக் குவித்து, அதன்முன் பத்திரிகை. நடுவில் ஒரு குச்சியில் காற்றைப் பார்க்க நூல் கட்டியிருக்கும். சுட்டுவிட்டு எழுந்து நடந்து போய்ப் பார்ப்பார், முகம் சுண்டித் திரும்பி வருவார். காற்றைக் குறைப்பார், அடுத்த குழி ரவையை எடுப்பார். மாதக்கணக்கில் இதுவே. கடைசியில் ஒருநாள் கிழக்கு வரப்பில் இருந்து ஓடிவந்தார். எங்கள் மகள் பிறந்த அன்றுகூட அவர் ஓடி நான் பார்த்ததில்லை. ஐந்து ஓட்டையும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கியிருந்தன. அந்தப் பத்திரிகையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வளவனூர் டீக்கடை முழுக்கக் காட்டினார்.

அடுத்த பட்டத்துக்கு மல்லாட்டை விதைத்தோம். மயில்கள் வந்தன. நானும் அன்று கூடப் போயிருந்தேன். இவர் கோணிப்பையில் படுத்து, மூச்சைப் பிடித்து, ஒரு பெரிய ஆண் மயிலின் காலுக்குச் சரியாக ஒரு சாண் தள்ளிச் சுட்டார். சொன்ன மாதிரியே மண் பறந்தது. துப்பாக்கி அவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்ததால் சத்தமே இல்லை. யாரோ எச்சில் துப்பிய மாதிரி ஓர் ஒலி. மயில் தலையைச் சாய்த்துப் பார்த்தது. பூச்சி ஏதோ குதித்தது என்று நினைத்திருக்க வேண்டும். நடந்து வந்து அந்த இடத்தைக் கொத்தியது. இவர் மறுபடி சுட, மறுபடி கொத்தியது. கொஞ்ச நேரத்தில் இன்னும் மூன்று மயில்கள் சேர்ந்துகொண்டன.

நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றிரவு அவர் சாப்பிட்டிருக்க மாட்டார்.

மயில்களை நான்தான் துரத்தினேன், சோற்றுக்குண்டானைக் கரண்டியால் தட்டி. துப்பாக்கி பேப்பரோடு நின்றது.

பிறகு ஒருநாள் காலையில் எங்கள் கிழக்கு வரப்புக்கு அந்தப்பக்கம் ஒரு மயில் செத்துக் கிடந்தது. பக்கத்து நிலத்துக்காரர் வனத்துறைக்குப் போன் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. டீக்கடையில் அந்தப் பத்திரிகையை அதிக நேரம் பார்த்தவர் அவர்தான்.

ரேஞ்சர் ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். காவலர் ஒருவரோடு ஜீப்பில் வந்தார். மயிலைப் பார்த்தார், மோட்டார் கொட்டகையைப் பார்த்தார், கோணிப்பையைப் பார்த்தார். துப்பாக்கியை எடுத்துவரச் சொன்னார்.

"யாருதுங்க இது?"

"என்னுதும்மா. ஆர்டர் குடுத்து செஞ்சது."

"இங்கேர்ந்து அந்த வரப்பு வரைக்கும் இது எட்டுமா சார்?"

எனக்கு உயிர் வந்தது. இந்தப் பெண் எங்களுக்குக் கதவைத் திறந்து விடுகிறாள். நான் முந்திக்கொண்டேன். "எங்கேம்மா எட்டறது? சும்மா வெளையாட்டு சாமான். காத்துல ஓடறது."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடக் குடித்தனத்தில் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை.

"வெளையாட்டு சாமானா?"

"ஏங்க, சும்மா இருங்க."

"இல்ல, நீ சொல்லு. எது வெளையாட்டு சாமான்?"

ரேஞ்சர் இருவரையும் பார்த்தார். "சரி சார், சுட்டுக் காட்டுங்க. எட்டலன்னா அப்டியே எழுதிக்கினு போயிடறேன்" என்றார். காவலர் மண் குவியலில் ஒரு பத்திரிகையைச் செருகிவிட்டு வந்தார்.

இவர் படுத்தார். டப்பாவைத் திறந்து ரவைகளைப் பொறுமையாகத் தேர்ந்தெடுத்தார். தவறவிடப் போகிறவன் எதற்கு ரவை பொறுக்க வேண்டும்? பிறகு குச்சியில் ஆடிய நூலைப் பார்த்துவிட்டு, "தெக்கேர்ந்து காத்து வருதும்மா, ஒரு நிமிஷம் நிக்கட்டும்" என்று ரேஞ்சரிடமே சொன்னார். தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டு, என் புருஷன் குறி தப்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மூன்று முறை சுட்டார். காவலர் ஓடிப்போய்ப் பத்திரிகையை எடுத்து வந்தார். மணமகன் பெயருக்குக் கீழே மூன்று ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

இவர் எழுந்து முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

ரேஞ்சர் அந்த அட்டையை வெகுநேரம் பார்த்தார். "சார், நான் உங்களுக்கு உதவி பண்ணலாம்னு பாத்தேன்" என்றார்.

துப்பாக்கி ஜீப்பில் போனது. மயிலும் போனது. கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்துச் சொல்லும்வரை இவர் ஊரைவிட்டு எங்கேயும் போகக் கூடாது என்றார்கள். ஓய்வு பெற்றதிலிருந்து இவர் போன ஒரே வெளியூர் திண்டிவனம்தான். நான் பள்ளியில் கரும்பலகை முன்னால் நின்றுகொண்டு எழுதிய கணக்கையே மறுபடி எழுதினேன். இரவில் இவரோடு பேசவில்லை. அவரும் பேசவில்லை, ஆனால் அது பயத்தினால் அல்ல, துப்பாக்கியை அங்கே ஈரத்தில் வைத்திருப்பார்களோ என்ற கவலையினால்.

ஒரு மதியம் ரேஞ்சரே போன் பண்ணினார். ஸ்பீக்கரில் போட்டோம். மயில் மின்கம்பியில் பட்டுத்தான் செத்திருக்கிறது, இறக்கையிலும் காலிலும் கருகல் இருக்கிறது என்றார். "உடம்புல ரவை ஒன்னுகூட இல்ல சார்."

"நான் சுட்டிருந்தா ஒன்னுதாம்மா இருந்திருக்கும்" என்றார் இவர்.

போனைப் பிடுங்கி, நன்றி சொல்லி, அணைத்தேன்.

துப்பாக்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்த அன்று பஸ்ஸில் கூட்டம் இல்லை. துணியில் சுற்றி மடியில் குறுக்காக வைத்திருந்தார். இத்தனை நாள் அடக்கிவைத்ததை அங்கே கேட்டேன். "அந்தப் பொண்ணு அவ்ளோ சொல்லுது. ஒன்னையாவது தள்ளி சுட்டிருக்கக் கூடாதா? மயிலுக்குத் தள்ளி சுடத் தெரியுது, அட்டைக்குத் தள்ளி சுடத் தெரியலியா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன்.

"நெனச்சேன்டி. மொத ரவையத் தள்ளித்தான் போடணும்னு நெனச்சேன். படுத்துக் கண்ண வச்சதும் அது நேரா நடுவுல வந்து நிக்குது. எத்தினி மாசம் பாடுபட்டு வர வச்சது. வராதேன்னு எப்டி சொல்றது?"

என் கோபம் அங்கேயே எப்படியோ இறங்கிவிட்டது. அவர் கையில் இருந்த துணி முனை அவிழ்ந்திருந்தது, அதைச் செருகிவிட்டேன்.

அந்த வருடம் மல்லாட்டை அரைக்கால்வாசி தேறியது. அடுத்து என்ன போடலாம் என்று யோசித்துக் கரும்பு நட்டோம். மயில் கரும்பைத் தொடாது. நிலத்தைப் பார்க்கப் போன அன்று பக்கத்து நிலத்துக்காரர் வரப்பில் நின்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பழைய சங்கடம் அவருக்கு இன்னும் இருந்தது.

"டீச்சர், கரும்புக்குக் காட்டுப்பன்னி வருங்க. போன வாரம் எங்க தோட்டத்துல வந்து பாதி சாச்சிட்டுப் போச்சு" என்றார்.

மோட்டார் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். இவர் குச்சியில் புது நூல் கட்டிக்கொண்டிருந்தார். "அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டேன்.