வெறும் தண்ணீர்தான், கொஞ்சம் சூடு

நான் விலங்கியல் படித்தவள். கல்லூரியில் மீனின் செவுளை அறுத்து, படம் வரைந்து, பாகம் குறித்து முதல் வகுப்பில் தேறியவள். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் குடும்பத்துக்கு மருமகளாக வந்தபிறகு, அந்தப் படிப்பு மீன் கழுவும்போது மட்டும்தான் பயன்பட்டது. "படிச்ச பிள்ளை, செவுளை எப்படிச் சுத்தமா எடுக்குது பாரு" என்று மாமியார் வருகிறவர்களிடம் பெருமையாகக் காட்டுவார். பட்டத்தின் பயன் அவ்வளவுதான் என்று நானும் இருந்துவிட்டேன்.

அதை மாற்றிய புண்ணியம் ஒரு மின் ஆலையைச் சேரும்.

ராசிங்காபுரம் பக்கம் ஒரு கண்மாயை என் கணவரும் அவருடைய கூட்டாளியும் மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். கூட்டாளி அந்த ஊர் விவசாயி. அவர் என் கணவரை மாப்ளே என்று கூப்பிடுவார். அந்தக் கணக்கில் எனக்கு அண்ணன் ஆகிவிட்டார். நாங்கள் பள்ளிவாசலுக்கும் அவர் கோயிலுக்கும் போவது இந்த உறவுக்கு ஒருநாளும் குறுக்கே வந்ததில்லை.

மலையிலிருந்து இறங்கும் ஓடைதான் கண்மாய்க்கு வரத்து. கண்மாய்க்கு மேலே, அந்த ஓடைக்கரையில், சீமைக்கருவேல விறகையும் தென்னை மட்டையையும் எரித்துக் கரண்டு எடுக்கும் தனியார் ஆலை வந்தது. திறப்பு விழாவில் மேலாளர் மைக்கைப் பிடித்து, இயந்திரத்தைக் குளிரவைக்க மட்டுமே ஓடைத் தண்ணீரை எடுப்போம், எடுத்ததை அப்படியே ஓடைக்குத் திருப்பித் தந்துவிடுவோம் என்றார். எல்லோரும் கைதட்டினோம். மனிதர் வாக்குத் தவறவில்லை. எடுத்ததைத் தந்தார். கூடவே சூட்டையும் இலவசமாகத் தந்தார்.

விடும் முன் தண்ணீரை ஆறவைக்க ஆலைக்குள் ஒரு கோபுரமும் அதன் உச்சியில் பெரிய விசிறிகளும் இருந்தன. விசிறியை ஓட்டினால் கரண்டு செலவாகும் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். கரண்டு தயாரிக்கிற இடத்தில் கரண்டுச் சிக்கனம்!

முதல் மார்கழியில் ஊரே ஆலையை வாழ்த்தியது. விடியற்காலையில் ஓடையில் ஆவி பறந்தது. பெண்கள் வெந்நீரில் துணி துவைத்தார்கள். மலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஜீப் வருவதற்குள் அதில் குளித்துவிட்டுக் கிளம்பினார்கள். காசில்லாமல் கிடைத்த வெந்நீரைப் பற்றிக் குறை சொல்ல மீன்களைத் தவிர யாருமில்லை. அவற்றுக்கு மனு எழுதத் தெரியாது.

பங்குனியில் ஒரு காலை அண்ணன் கடை வாசலில் வந்து நின்றார். கையில் ஈரச்சாக்கு. பிரித்தால், முழங்கை நீளத்தில் நான்கு கட்லா.

"மாப்ளே, மடைகிட்டப் பூராவும் மல்லாந்து கெடக்கு. எவனோ மருந்து கலந்துட்டான்" என்றார். குஞ்சாக விட்டதிலிருந்து தினமும் தவிடும் புண்ணாக்கும் கொண்டுபோய்ப் போட்டவர் அவர்.

நான் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். "மருந்து மாதிரித் தெரியலண்ணே. நீங்க பார்த்தப்ப, சாகாத மீனெல்லாம் என்ன பண்ணுச்சு?"

"மேல வந்து வாயை வாயைத் திறந்துச்சு தங்கச்சி."

"மூச்சு முட்டியிருக்கு. தண்ணி சூடானா அதுல கலந்திருக்கற காத்து கொறஞ்சிரும். சூட்டுல மீனுக்குக் காத்து கூடுதலா வேற வேணும்."

என் கணவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் என் பட்டத்துக்கு அவர் கொடுத்த முதல் மரியாதை அந்தப் பார்வை.

மூன்று பேரும் ஆலைக்குப் போனோம். மேலாளர் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். பரிசோதனைத் தாளை எடுத்து வைத்தார்.

"பாருங்கம்மா, ஒரு சொட்டு ரசாயனம் கெடையாது. வெறும் தண்ணி."

"சூடு?"

"அது தாள்ல வராதும்மா. சூடு என்ன விஷமா? நாமெல்லாம் வெந்நீர்லதானே குளிக்கிறோம்."

"நாம குளிச்சிட்டு வெளிய வந்துர்றோம் சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, டீ ஆறுகிறது என்று கவலைப்பட்டார்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் புகார் எழுதினோம். ஓர் இளம் பெண் அதிகாரி வந்தார். ஆய்வு நாளை முன்கூட்டியே ஆலைக்குத் தெரிவிப்பதுதான் முறையாம். முறைப்படி தெரிவித்திருந்தார்கள். அன்றைக்கென்று பார்த்து ஆலையில் பராமரிப்பு வேலை, அடுப்பே எரியவில்லை. ஓடை குளுகுளுவென்று ஓடியது. மீன்கள் வெயிலால் இறந்திருக்கலாம் என்று பதில் வந்தது. வெயில் வந்து கையெழுத்துப் போட்டு மறுக்கப்போவதில்லையே.

அண்ணன் குத்தகையை விட்டுவிடலாம் என்றார். எனக்குத்தான் பிடிவாதம் வந்தது. என் கொழுந்தனாருக்கு மலையில் ஏலத்தோட்டம். அங்கே காய் உலர்த்தும் அறையில் தொங்கிய தெர்மாமீட்டரை ஜீப்பில் கொடுத்தனுப்பச் சொன்னேன். ஒரு மாதம், காலையும் மத்தியானமும், ஸ்கூட்டியில் போய் ஆலைக்கு மேலே ஒரு அளவும், ஆலைக் குழாயின் வாயில் ஒரு அளவும் எடுத்து நோட்டில் எழுதினேன். ஏலக்காய் பதமாகக் காய எவ்வளவு சூடு வேண்டுமோ, மத்தியானக் குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய அதைத் தொட்டது. "அண்ணி, பேசாம காயை அங்கயே கொண்டாந்து உலர்த்திரவா?" என்று கொழுந்தனார் போனில் கேட்டார்.

நோட்டை அதிகாரியிடம் கொடுத்தேன். அந்தப் பெண் பொறுமையாக எல்லாப் பக்கமும் படித்தார். ஓடைத் தண்ணீரைவிட ஆலை விடும் தண்ணீர் குறிப்பிட்ட டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்று விதி இருப்பதை அவர்தான் சொன்னார். ஆலைக்கு நோட்டீஸ் போயிற்று. விதிக்குக் கட்டுப்பட வேண்டும், மறு ஆய்வு உண்டு.

ஆலை கட்டுப்பட்டது. எப்படியென்றால், ஓடைக்குள் ஒரு சிமெண்டுத் தூண் நட்டு, பச்சை வண்ணம் அடித்து, 'ஓடை நீர் வெப்பநிலை அளக்குமிடம்' என்று எழுதிவைத்தது. தூண் நின்றது ஆலைக் குழாய்க்குப் பத்தடி கீழே.

மறு ஆய்வன்று ஆலை முழு மூச்சாக ஓடியது. அதிகாரி குழாய் வாயில் அளந்தார், சூடு. தூணருகே அளந்தார், அங்கேயும் அதே சூடு. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. விதி தலையிலிருந்து கால்வரை காப்பாற்றப்பட்டிருந்தது.

"மேடம், தூணுக்கு மாலை போடாதது ஒண்ணுதான் குறை" என்றேன்.

அவர் மேலாளர் தள்ளிப்போகும்வரை காத்திருந்தார். "ஓடையில எந்த இடத்துல அளக்கணும்னு அனுமதி ஆணையில எழுதலம்மா. கட்டம் இருக்கு, காலியா விட்டிருக்காங்க. அதை நிரப்பற அதிகாரம் எனக்கு இல்ல. கலெக்டர்கிட்டக் கேளுங்க. 'ஆலைக்கு மேல'ன்னு ரெண்டே வார்த்தை."

விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போனோம். நான் நோட்டை எடுத்துக்கொண்டேன். அண்ணன் ஒரு பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி பஸ்ஸில் வந்தார். எங்கள் முறை வந்ததும் நான் விதி, டிகிரி, மூச்சுக் காற்று என்று விளக்க ஆரம்பித்தேன். கலெக்டரின் கண் அடுத்த மனுவுக்குப் போவது தெரிந்தது. ஆலை சார்பில் பதில் சொல்ல வந்திருந்த மேலாளர் எழுந்து, "வெறும் தண்ணிதான் சார்" என்றார்.

அண்ணன் பையைத் திறந்து இரண்டு பிளாஸ்க்கை மேசைமேல் வைத்தார். இரண்டு டம்ளரில் ஊற்றினார்.

"அய்யா, இது ஆலைக்கு மேல எடுத்தது. இது ஆலைக்குக் கீழ. ரெண்டையும் கையில பிடிச்சுப் பாருங்க. பிடிச்சுப் பாத்துட்டு, எதுல மீன் வளக்கணும்னு நீங்களே சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்."

கலெக்டர் முதல் டம்ளரைப் பிடித்தார். இரண்டாவதைப் பிடித்துச் சட்டென்று கீழே வைத்தார். ஒரு மாதம் நான் எழுதிய நோட்டு செய்யாததை அந்த டம்ளர் செய்துவிட்டது. எனக்கு அண்ணன்மேல் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

காலிக் கட்டத்தில் அந்த இரண்டு வார்த்தைகள் ஏறின. சூடு மீறினால் ஆலையை நிறுத்தவேண்டும் என்று ஆணையும் வந்தது. ஒரே வாரத்தில் கோபுரத்து விசிறிகள் சுழன்றன. பழுதே இல்லையாம், சுவிட்சைப் போட்டால் போதுமாயிருந்தது. வெந்நீர் நின்றுபோனதில் ஓடைக்கரைப் பெண்களில் பாதிப் பேர் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அந்த அதிகாரிக்கு மாற்றல் வந்தது. ஒழுங்காக வேலை பார்த்தால் வராமல் இருக்குமா?

அடுத்த மழைக்கு அண்ணன் மறுபடி குஞ்சு விட்டார். மறு பங்குனியில் ஒன்றும் மிதக்கவில்லை. இந்த வருஷம் வலை போட்ட அன்று கண்மாய்க் கரையில் நல்ல கூட்டம். என் கணவர் தராசில் நிற்க, அண்ணன் வலையிலிருந்து மீனை அள்ளிக் கூடையில் கொட்டினார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். வரிசையில் துணிப்பையோடு மேலாளர் நின்றார்.

"கண்மாய் மீன்தான் ருசின்னு வீட்ல சொன்னாங்கம்மா. நல்ல கட்லாவாப் பாத்து ரெண்டு குடுங்க."

பொறுக்கியெடுத்துக் கொடுத்தேன். "வெயில் ஏறதுக்குள்ள வெரசா கொண்டு போயிருங்க சார். சூடு பட்டா மீன் தாங்காது" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதாம்மா" என்று பையை வாங்கிக்கொண்டு போனார்.