வாயை மூடச் சொன்ன வடைக்காரம்மா

போன மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டில் மீன் குழம்பு. முதல் கவளத்தை வாயில் வைத்தேன், போன் அடித்தது. மேற்கு ஆப்பிரிக்காவில், டோகோ நாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து வாட்ஸ்அப் வீடியோ கால்.

அந்தக் கிராமத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுகிறேன். நான் புதுச்சேரியில் கைப்பம்பு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் போன் வருவதற்கு முந்தைய வருஷம் மழைக்காலத்தில், எங்கள் மாதா கோயில் சாமியார் சொல்லி, தொண்டு வேலைக்காக அங்கே போய் மூன்று மாதம் இருந்தேன். நம் ஊர்த் தெருவில் நிற்கிற அதே கைப்பம்புதான் அங்கேயும். சின்ன வயதில் அடி வாங்கிப் படித்த பிரெஞ்சு அறுபதுக்கு மேல் கைகொடுத்தது. ஆறு ஆண்களைப் பொறுக்கி எடுத்து ரிப்பேர் வேலையைப் பழக்கினேன். பெண்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதிலும் தட்டைப்பயறு வடை சுட்டு விற்கிற ஓர் அம்மா, சட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்து ஸ்பேனரைக் கையில் எடுத்துப் பார்ப்பார். எனக்குச் சுள்ளென்று வரும். இது பொம்பளை வேலை இல்லை, போய் வடையைக் கவனியுங்கள் என்று விரட்டிவிடுவேன். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் என் மூஞ்சி புரிந்திருக்கும்.

போனில் வந்தவர் அந்த ஊர் நர்ஸ், பிரெஞ்சு தெரிந்தவர். பம்பு நின்று நான்கு நாளாகிறது, ஊருக்கு இருப்பது அது ஒன்றுதான், மாடு இறங்கும் குட்டைத் தண்ணீரைக் குடித்துக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்றார். நான் பழக்கிய ஆறு பேர் எங்கே என்றேன். ஆறு பேரும் பக்கத்து நாட்டுத் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்கள், மழை வந்தால்தான் திரும்புவார்களாம். வருஷா வருஷம் அப்படித்தானாம். பம்பு அதிகம் ஓடித் தேய்வது கோடையில், ஆண்கள் ஊரில் இல்லாததும் கோடையில். இதை மூன்று மாதத்தில் ஒருவரிடம்கூடக் கேட்காமல் வந்திருக்கிறேனே என்று எனக்கு அவமானமாகிவிட்டது.

கேட்டதை வைத்துப் பார்த்தால் அடியில் தோல் வாஷர் தேய்ந்திருக்கிறது. வாஷரும் கருவிகளும் நான் விட்டு வந்த பெட்டியில் இருக்கின்றன. ஆனால் பூமிக்குள் பத்துக் குழாய், ஒன்றோடொன்று மாட்டியது. எல்லாருமாக ஒரே நொடியில் தூக்கி, கிளாம்ப்பில் பிடித்து, ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். ஒரு தடவை கை நழுவினால் மொத்தமும் ஆழ்துளைக்குள் போய்விடும், அப்புறம் அந்த ஊருக்குத் தண்ணீர் கிடையாது. பெண்களை வைத்து வேண்டாம், வேறு ஆள் ஏற்பாடு செய்கிறேன் என்றேன். யாரை, எங்கிருந்து என்று எனக்கே தெரியாது.

நர்ஸ் போனைத் திருப்பிக் காட்டினார். பம்பின் தலைப்பகுதி ஏற்கெனவே கழன்று தரையில் இருந்தது. போல்ட்டுகளெல்லாம் வடைச் சட்டியில். எட்டுப் பெண்கள் குழாயைப் பிடித்து நிற்கிறார்கள், நடுவில் அந்த வடைக்காரம்மா. கிளாம்ப்பை இறுக்கு, காலை அகட்டி நில், அதைத் தொடாதே என்று பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாகக் கத்தினேன். அந்த அம்மா நிமிர்ந்து போனைப் பார்த்து என்னவோ சொன்னார். நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிரெஞ்சில் சொன்னதை, பக்கத்தில் நின்ற என் மனைவிக்குத் தமிழில் சொன்னேன்.

"நான் கத்துற கத்துல அவங்க கை தப்பிடுமாம். வாய மூடிக்கினு பாக்கச் சொல்றாங்க."

"முப்பது வருஷமா நானும் அதத்தான் சொல்றேன்" என்றாள் அவள்.

மூடிக்கொண்டேன். அந்த அம்மா ஒரு மூச்சு இழுத்துக் குரல் கொடுத்தார்.

"ஐலசா."

எட்டுப் பேரும் "ஐலசா" என்றார்கள். குழாய் ஒரு முழம் மேலே வந்தது.

அந்த வார்த்தையை நான் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. சின்ன வயதில் வைத்திக்குப்பத்தில் படகு தள்ளுகிறவர்கள் பக்கத்தில் நின்று எனக்கே ஒட்டிக்கொண்டது அது. குழாய் தூக்கும்போது என் வாயில் தானாக வரும். அதையும், அதோடு மொத்த வேலையையும், நான் விரட்டிவிட்ட தூரத்தில் நின்றே அவர் கற்றிருக்கிறார்.

பத்துக் குழாயும் வெளியே வந்தன. வாஷரை மாற்றிப் பத்தும் உள்ளே போயின. கைப்பிடியை அடித்தார்கள். முதலில் வெறும் காற்று. அப்புறம் ஒரு கலங்கல். அப்புறம் பளிச்சென்று தண்ணீர். அங்கே குலவை, இங்கே என் மனைவி கை தட்டுகிறாள், நான் காய்ந்துபோன எச்சில் கையால் கண்ணைத் துடைக்கிறேன்.

அந்த அம்மா ஒரு குவளைத் தண்ணீரை போனுக்கு நேராகக் காட்டிக் குடித்துவிட்டு இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். அடுத்த தடவை வந்தால் எனக்கு வடை சுடக் கற்றுத் தருவாராம். பக்கத்தில் நின்று பார்க்கலாமாம், விரட்ட மாட்டாராம்.

இப்போது எங்கே வேலை பழக்கப் போனாலும், சுற்றி நிற்பவர்களில் யார் ஸ்பேனரை எடுத்துப் பார்க்கிறார் என்று கவனித்து, அதை அவர் கையிலேயே விட்டுவிட்டு, நான் வாயை மூடிக்கொள்கிறேன்.