ஜெயமேரி வகுத்த விதியும் நான் செய்த பிழையும்

போன செவ்வாய்க்கிழமை காலை தியாகதுருகத்திலிருந்து ஜெயமேரியின் தம்பி அந்தோணி பேசினார். "அக்கா நேத்தே பூட்டாங்கங்க. சிறுநீரகம் கெட்டு ஆறு மாசமா படுத்துக்கினு இருந்தாங்க. உங்க நம்பரு அவங்க போன்ல இருந்துச்சு." நான் போய்ச் சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளி முடித்திருந்தார்கள். ஜெயமேரியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கள்ளக்குறிச்சி பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திய மேரியைத்தான் உங்களில் பலருக்குத் தெரியும். அதற்கு முன்பு அவர் சென்னையில் ஒரு சிறிய கம்பெனியில் இயங்குதளத்தின் கெர்னலை எழுதியவர். நானும் கள்ளக்குறிச்சிப் பக்கம்தான், வடக்கனந்தல்காரன். இருவரும் ஒரே மாதத்தில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தோம். பக்கத்துப் பக்கத்து மேசை.

கெர்னல் என்பது கணினியின் எல்லா வேலையையும் உள்ளிருந்து நடத்தும் நிரல். ஒரே கோப்பைப் பல நிரல்கள் திறந்து வைத்திருக்கும். அதற்காக நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தை எப்போது காலி செய்வது என்பதுதான் எங்களுடைய பெரிய தலைவலி. அவ்வப்போது தேடிப் பார்த்து, சும்மா கிடப்பதை எடுத்துவிடலாம் என்றார் மேலாளர். மேரி ஒப்புக்கொள்ளவில்லை. "யாரும் புடிச்சுக்கினு இல்லன்னு நெனச்சு எடுக்கக் கூடாதுங்க. தெரிஞ்சு எடுக்கணும்" என்றார். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண்ணை வைத்தார். பிடிப்பவர் ஒன்று கூட்ட வேண்டும், விடுபவர் ஒன்று கழிக்க வேண்டும், பூஜ்யமானால் இடம் காலி. கரும்பலகையில் விதியையும் எழுதினார்: பிடித்தவர்தான் விட வேண்டும், அடுத்தவருக்காக விடக் கூடாது. மூன்று மாத வேலை அது. அவ்வளவு சுத்தமான வடிவமைப்பை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்த்ததில்லை.

அது 1987, இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு நாள் விடுப்பில் போன மேரி ஊரிலேயே மாட்டிக்கொண்டார். சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் இல்லை. எங்கள் பக்கம் வெட்டியவர்களில் என் அண்ணனும் ஒருவர். தம்பி தங்கைகள் படிக்க வேண்டும் என்ற கோபம் அவருக்கு. அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அந்த வாரம்தான் ஒரு கல்லூரிக்குக் கொடுத்திருந்த எங்கள் இயந்திரம் அடிக்கடி நிற்கத் தொடங்கியது. அவர்கள் ஏற்றி வைத்திருந்த மதிப்பெண்கள் அழிந்துபோயின. இரண்டு நாள் தேடியும் எனக்குக் காரணம் பிடிபடவில்லை. மேரியின் வீட்டுக்கு எதிரே ஒரு மருந்துக்கடை. அங்கே டிரங்க் கால் போட்டு அவரைக் கூப்பிடச் சொன்னேன். நான் எழுதிய பகுதியை வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"இருங்க. கோப்பு தொறக்கலன்னா இன்னா பண்றீங்க?"

"ஒண்ணு கழிச்சுட்டுத் திரும்பிடறேன்."

"உங்க பகுதியக் கூப்பிட்ட நிரலும் கழிக்குது இல்ல? ரெண்டு தரம் ஆவுது பாருங்க. வேற ஒருத்தர் புடிச்சுக்கினு இருக்கறப்பவே எடம் பூடும்."

ஒரே வரிதான். எடுத்தேன், இயந்திரம் நிற்பது நின்றது.

மறுநாள் மேலாளர் எல்லோரையும் கூட்டினார். "டிசைனே தப்பு. கோட்டாவில சீட்டு வாங்கிப் படிச்சவங்க கையில குடுத்தா இப்படித்தான் ஆகும். அவசரத்துக்கு ஆளையும் காணோம்" என்றார். பிழை என்னுடையது என்று சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. நானும் ஒதுக்கீட்டில் படித்தவன்தான், அது அவருக்குத் தெரியாது. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்த மேரியை, பயனர் கையேடு எழுதும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். அவர் யாரிடமும் காரணம் கேட்கவில்லை. மேசையை மட்டும் மாற்றவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, தான் கட்டியதை எப்படி இயக்குவது என்று மற்றவர்களுக்கு விளக்கி எழுதினார். ஒரு வருடம் கழித்து வேலையை விட்டார். கெர்னல் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அவருடைய எண்ணிக்கை முறை அந்த இயந்திரத்தில் கடைசிவரை ஓடியது, பொறுப்பாளர் என்று என் பெயரோடு.

இரண்டு வருடங்களுக்கு முன் மலைமேல் இருக்கும் கரியாலூரில் ஓர் உறவினர் திருமணத்துக்குப் போனேன். மலையிலிருந்து இறங்கும்போது துணிந்து தியாகதுருகத்தில் மேரியின் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார். அந்தக் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியுங்க குமாரு. வந்த அன்னிக்கே ஆபீஸ்ல சொன்னாங்க. நீங்க போய் அவருகிட்ட உண்மையச் சொல்லுவீங்கன்னு ஒரு வருசம் பாத்துக்கினு இருந்தேன்."

"நீங்களே சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா யாரு நம்புவாங்க? நீங்க சொன்னாத்தான் உண்டு." பிறகு, "டீ ஆறுது, குடிங்க" என்றார்.

அவருடைய குறிப்பேடோ கடிதமோ எதுவும் என்னிடம் இல்லை. அவர் காத்திருந்த அந்த ஒரு வருடம் மட்டும்தான் இருக்கிறது. தினமும் காலையில் வந்து பையை வைத்ததும் என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். நான் ஏதாவது பேசுவேன், சாப்பாட்டைப் பற்றி, ஊரில் மழையைப் பற்றி.