இறகு விலகிய அம்பு

ஹாலிஎலவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் படிப்பித்தபோது, அடுத்த வீட்டில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஒருவர் இருந்தார். ஒல்லியான உடம்பு, கறை ஏறிய விரல்கள். வேலை விட்டு வந்ததும் வாசலில் உட்கார்ந்து, சேவல் இறகை நடுவில் பிளந்து, மூங்கில் அம்பின் பின்பக்கம் பசை தடவி ஒட்டி, நூலால் இறுக்கிக் கட்டுவார். அவர் நட்டிருந்த கிழங்கைக் காட்டுப்பன்றிகள் கிளறிப் போட்டிருந்தன.

"கொஞ்சம் படுத்து எழும்பலாமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எப்படிங்க சார் படுக்கிறது? முந்தாநாள் ஒன்னு அடிச்சேன். எறகு சரியா ஒட்டல, அம்பு வெலகி தொடையில ஏறிருச்சு. அதோடயே ஓடிருச்சு. எங்கயோ கெடந்து நோவுது."

தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்பே காட்டோரம் தேடிவிட்டுத்தான் வேலைக்குப் போனார். ஞாயிறு மத்தியானம் களைப்பில் தள்ளாடி வந்தார்.

"கெடச்சுச்சு சார். உசுரோடதான் இருந்துச்சு. முடிச்சிட்டேன்."

இறைச்சிக்காகச் சட்டியோடு வந்த அயலவர்களுக்கு இடத்தைச் சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனார். அவருக்கென்றும் ஒரு பங்கு வைத்திருந்தார்கள். விழித்தபின் அதைத் தொடாமல் வெறும் தேநீர் மட்டும் குடித்தார். கொன்றதற்காகவா, பிந்திக் கொன்றதற்காகவா என்று நான் கேட்கவில்லை.