எங்கள் வீட்டில் நடந்த கொலை

மன்றத்து ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லி, எங்கள் செயலாளர் டீச்சர் நோட்டைக் கையில் கொடுத்துவிட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். வாக்கியம் கோணல்மாணலாகத்தான் வரும். மறதி வேறு. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்னவாசலில் எங்கள் மகளிர் மன்றத்தில் பதினொரு பேர். மாதம் ஒருத்தர் வீட்டில் சாயங்காலம் கூடுவோம். நான் சுவரோரம் உட்கார்ந்து சிரித்துவிட்டு வருகிற ஆள். என் முறை வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிவிடுவேன். போன மாதம் மட்டும் நானாகவே, "எங்க வீட்டுல வச்சுக்கலாம்" என்றேன்.

காரணம் எதிர்வீட்டுக்காரி. அவளும் மன்றத்து ஆள்தான். வீட்டுக்காரர் தவறி எட்டு மாதம் ஆகியும் எங்கேயும் போகவில்லை. தெருவைக் கடந்தால் என் வீடு, இங்காவது வருவாள் என்று நினைத்தேன். கூப்பிட்டபோது, "நான் வந்தா நல்லாவாக்கா இருக்கும்?" என்றாள். உனக்காகத்தான் வைக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "முறுக்கு சுடுறேன், வா" என்றேன். தலையாட்டினாள்.

அன்றைக்குக் காலையில்தான் டீச்சர் வந்து விளையாட்டு என்னவென்று சொன்னார். அவர் மகள் போனில் அனுப்பியதாம். ஒரு மிராசுதார் செத்துக் கிடப்பார். வந்திருப்பவர்களில் ஒருத்தி கொலைகாரி. மற்றவர்கள் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

"யாராச்சும் ஒருத்தர் பொணமாப் படுக்கணும்க்கா."

"வெளக்கு வைக்கிற நேரத்துல வீட்டுக்குள்ளயா? வேணாம் டீச்சர்."

கடைசியில் நீளமான இலவம்பஞ்சுத் திண்டு ஒன்றைக் கிடத்திப் போர்வை போர்த்துவது என்று முடிவானது. "நீங்கதான் கொலைகாரி. ஒங்கள யாரும் சந்தேகப்பட மாட்டாக" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொலைகூடப் பரவாயில்லை. எதிர்வீட்டுக்காரி வந்து அந்தத் திண்டைப் பார்த்தால் என்ன ஆவாளோ? சொல்லிவிடலாம் என்று போனேன். அவள் தலைக்குக் குளித்து, சாயங்காலத்துக்குச் சேலை எடுத்து வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும், "கொஞ்சம் கருவேப்பிலை இருக்கா?" என்று வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஐந்து மணிக்கு எல்லோரும் வந்தார்கள். சாவு வீட்டுப் பழக்கம் யாரை விட்டது? போர்வையைப் பார்த்ததும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கேள்வி கேட்க ஒருத்தரும் இல்லை. பால்காரம்மா, "தலை தெக்கயில்ல இருக்கணும்" என்று திண்டைத் திருப்பி வைத்தார். முறுக்குத் தட்டை நீட்டினால், "பொணத்த எடுக்காம எப்படித் திங்கிறது?" என்கிறார்கள். தையல்கார அக்கா ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டார்.

"ஏழு ஏக்கர் தோட்டமிருந்தும் இலவம்பஞ்சா ஆனீகளே!"

வீடே சிரித்தது. எதிர்வீட்டுக்காரி மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். திண்டை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விடலாம் என்று எழுந்தேன்.

"நில்லுங்கக்கா" என்றாள். "காலையில எங்க வீட்டுக்கு எதுக்கு வந்தீக?"

"கருவேப்பிலைக்கு."

"ஒங்க கொல்லையிலயே மரமா நிக்குது. இவுகதான் கொலைகாரி டீச்சர். அப்பவே முழி சரியில்ல."

"ஊமை ஊரக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாக!" என்று பால்காரம்மா கை தட்டினார்.

அவள் மட்டும் விடவில்லை. "நெசமா எதுக்கு வந்தீக?"

இத்தனை பேர் முன்னால் நான் பேசியதே இல்லை. "இந்த மாதிரி வெளையாட்டுன்னு சொல்லத்தான் வந்தேன். நீ சீலை எடுத்து வச்சிருந்த. சொன்னா வராமப் போயிருவியோன்னு சொல்லல. தப்புத்தான்."

அவள் திண்டையே பார்த்தாள்.

"அவுக செத்த அன்னைக்கும் தலைய எங்கிட்டு வைக்கிறதுன்னு ரெண்டு பங்காளிக்குச் சண்டை. எந்திரிச்சு ரெண்டு பேரையும் வையப் போறாகன்னே நெனச்சேன்."

சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பிறகு அவரைப் பற்றியே பேசினாள். எந்தக் குழம்புக்கும் உப்புப் பத்தாது என்பாராம், ஊற்றியதை வழித்துச் சாப்பிட்டுவிட்டு. எட்டு மாதமாக அவர் பேச்சையே அவள் முன்னால் எடுக்காதவர்கள் நாங்கள். பேசிக்கொண்டே முறுக்குத் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அதற்கப்புறம்தான் மற்றவர்களும் எடுத்தார்கள்.

சாவு வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லக்கூடாது. சொல்லாமல்தான் கிளம்புவோம். அன்றும் ஒவ்வொருத்தராக, ஒன்றும் சொல்லாமல், வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே படியிறங்கினார்கள். எதிர்வீட்டுக்காரியும் இறங்கினாள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"அக்கா, போயிட்டு வாரேன். அடுத்த மாசம் யாரு வீட்டுலன்னு கேட்டு வைங்க."

தோட்டம் ஏழு ஏக்கரா, பத்தா? திண்டைத் திருப்பி வைத்தது பால்காரம்மாதானா? எனக்கு நிச்சயமில்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் எதிர்வீட்டுக்காரியிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள் டீச்சர். பிழையிருந்தால் திருத்துங்கள். வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னது வேண்டாம் என்றால் அடித்துவிடுங்கள். நான் போனால் மறுபடியும் கருவேப்பிலை வாங்கிக்கொண்டுதான் வருவேன்.