நனையாத இத்தாலி இலக்கணம்

அருணகிரியின் கைவேலையில் குறை சொல்ல முடியாது. கும்மிடிப்பூண்டி கம்பி ஆலை ஃபிட்டர்களில் அவன் கெட்டிக்காரன். ஆனால் வயிற்றெரிச்சல் என்று வந்துவிட்டால் பொல்லாதவன்.

எழுபத்திரண்டில் ஆலைக்கு இத்தாலி மிஷின் வந்தது. அதைப் பொருத்த ஒரு வெள்ளைக்காரரும் வந்தார். இத்தாலி பாஷை கற்றுக்கொள்ளும் ஒரு ஃபிட்டரை அவர் ஊருக்கே பயிற்சிக்கு அனுப்புவதாகச் சொன்னார் மேனேஜர். அருணகிரியையும் இன்னொரு ஃபிட்டர் சின்னதுரையையும் கூப்பிட்டு, இங்கிலீஷில் எழுதிய இத்தாலி இலக்கணப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். ஆளுக்கு ஒரு வாரம், மாற்றி மாற்றி. முதலில் அருணகிரி.

வினைச்சொல்லின் வாலைப் பார்த்தே போனது நானா அவனா என்று தெரிந்துவிடுமாம். அதை விளக்கப் புத்தகம் எழுதிய இங்கிலீஷ்காரனுக்கு ஒரு பக்கம் தேவைப்பட்டது.

"போனேன், போனான்னு நம்மூட்டுக் கொயந்தகூட சொல்லுது. இதுக்குப் போய் இம்மாம் அலட்டலா?" என்று மனைவி செல்லியம்மாளிடம் சிரித்தான். மேசைக்கும் நாற்காலிக்கும்கூட ஆண்பால் பெண்பால் பார்ப்பதுதான் பேஜாராக இருந்தது.

லத்தீனிலிருந்து வந்த பாஷை இத்தாலி என்று முன்னுரையில் போட்டிருந்தது. அதைப் படித்ததும் சிரிப்பு நின்றது. சின்னதுரை சின்ன வயதில் மாதா கோயிலில் லத்தீன் பாட்டுகளை மனப்பாடமாகப் பாடியவன்! அன்றிலிருந்து அருணகிரிக்குச் சோறு இறங்கவில்லை.

வாரம் முடிந்ததும் சின்னதுரை புத்தகம் கேட்டான்.

"மழைல நனைஞ்சி கூழாப் பூட்ச்சிபா," என்றான் அருணகிரி, கூசாமல்.

"அடப்பாவமே! சரி வுடு நைனா."

நம்பிவிட்டான். மெட்ராஸில் தேடியும் இன்னொன்று கிடைக்கவில்லை. புத்தகமோ அருணகிரி வீட்டு அரிசிப்பானைக்குப் பின்னால் சுகமாக இருந்தது. அட்டை முதல் அட்டை வரை அவன் நெட்டுருப் போட்டான்.

புத்தகம் இல்லாத சின்னதுரை வெள்ளைக்காரரையே பிடித்துக்கொண்டான். மத்தியானம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மனைவி ஆரோக்கியமேரி கட்டிக்கொடுத்த பழவேற்காட்டு இறாலில் பங்கு வைத்தான். இறாலைக் காட்டிப் பேர் கேட்டான். ஸ்பேனரைக் காட்டிப் பேர் கேட்டான். சொன்னதைத் திருப்பிச் சொன்னான். ஆண்பாலும் பெண்பாலும் அவன் வாயில் தாறுமாறாகப் புரண்டன. அருணகிரி உள்ளுக்குள் குளிர்ந்துபோனான்.

ஆள் எடுக்கும் நாளில் வெள்ளைக்காரர் மிஷினை நிறுத்தி, என்ன கோளாறு என்று இத்தாலியில் கேட்டார். அருணகிரிக்குக் கேள்வி புரிந்தது, கோளாறும் தெரிந்தது. பதிலை இலக்கண சுத்தமாகக் கோத்துக்கொண்டிருந்தான்.

அதற்குள் சின்னதுரை, "ஓலியோ! ஓலியோ இல்ல!" என்று எண்ணெய்க்கு இத்தாலியும் மிச்சத்துக்குத் தமிழும் போட்டுக் கத்தினான். வெள்ளைக்காரர் வாய்விட்டுச் சிரித்து அவனைக் கட்டிக்கொண்டார்.

இத்தாலிக்குக் கிளம்பும் நாளில் ரயிலடியில் சின்னதுரை அருணகிரியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அந்த புக்கு மட்டும் நனையலன்னு வையி, நானும் ஊட்ல குந்திகினு பட்ச்சிகினேதான் இருந்திருப்பேன். அந்தாளாண்ட போயே இருக்கமாட்டேன். எல்லாம் ஒன் மழை செஞ்ச புண்ணியம் நைனா."

வீட்டுக்கு வந்த அருணகிரி அரிசிப்பானையை நகர்த்தினான். புத்தகம் ஒரு பொட்டு ஈரமில்லாமல் மொடமொடவென்று இருந்தது. பார்க்கப் பார்க்க அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது.