வட்டி வேண்டாம் என்றவர்

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வரத் தொடங்கியபோது, எங்கள் மனையில் ஆறு ரூம் கட்டித் தொழிலாளிகளுக்கு வாடகைக்கு விட நினைத்தோம். கடனுக்குக் கூட்டுறவு சங்கத்துக்குப் போனால், அங்கிருந்த கிளார்க் குலம் கோத்திரம் வரை துருவித் துருவிக் கேட்டார். என் வீட்டுக்காரருக்கு எரிச்சல்.

அந்த நேரம் பார்த்து எளாவூர் லாரிக்காரர் ஒருவர் தானாகவே தேடி வந்தார். "வட்டியே வாணாம் நைனா. கட்டப்போற ரூமுங்களை எனக்குப் போக்கியமா எழுதிக் குடு. டப்பு எப்ப முடியுதோ அப்பக் குடு" என்றார். இவர் குளிர்ந்துபோனார். நான் கவனித்தது வேறு. வந்தவர் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குடிவருகிறவர்களுக்குக் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் இருக்குமா என்று மட்டும் கேட்டார்.

"போக்கியம்னா வாடகை யாருக்கு?" என்றேன்.

"கடன் தீர்ற வரிக்கும் எனக்குத்தான் தங்கச்சி. அதான் வட்டி வாணாங்கறேன்."

இவர் அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தார். வந்ததே கோபம் எனக்கு. "யோவ், வாடகையெல்லாம் அவுரு வாங்கிக்கினா, அசலை எத்த வித்துக் குடுப்பே?"

லாரிக்காரர் டீயைக் குடிக்காமல் எழுந்தார். போகும்போதும் கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் நானே சங்கத்துக்குப் போனேன். கிளார்க் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். பொறுமையாகப் பதில் சொன்னேன். இத்தனை கேட்கிறவனுக்குப் பணம் திரும்பி வர வேண்டும். ஒன்றும் கேட்காதவனுக்கு அது வராமல் இருந்தால்தான் லாபம்.